குவாதலூப்பின் பன்னிரண்டு கட்டங்கள்

போன மாதம் பிரியா எனக்கொரு பட்டியல் அனுப்பியிருந்தாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பயண முகவர் நிலையத்தில் என் மேசைக்கு இப்போது அவள்தான் சொந்தக்காரி. மலேசியத் தமிழ்க் குடும்பம். அவள் பிறந்தது இங்கே, ஓக்லாந்தில். தொலைபேசியில் சொன்னாள்: "அங்கிள், ஆபீஸ்ல புது கம்ப்யூட்டர் பிளானர் வந்திருக்கு. ரெண்டு செகண்ட்ல எழுதிருச்சு. கரீபியன் உங்க ஏரியாதானே, ஜஸ்ட் செக் பண்ணிச் சொல்லுங்க."

பட்டியலின் தலைப்பு 'வருடம் முழுவதும் குவாதலூப்'. கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான தீவு அது. கிளென் ஈடன் வீட்டுச் சமையலறை மேசையில், பழக்கதோஷத்தில் ஒரு பென்சிலையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கார்னிவல் ஊர்வலங்கள். சரி. ஈஸ்டருக்குக் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் கூடாரமடித்து நண்டுச்சோறு சாப்பிடுவார்கள். அதுவும் சரி. நவம்பர் முதலாம் திகதி கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். அங்கே கல்லறைகளுக்கெல்லாம் கறுப்பு வெள்ளை ஓடு பதித்திருக்கும். 'பெரியதொரு சதுரங்கப் பலகை. ஆடத்தான் ஆளில்லை' என்று எழுதியிருந்தது.

பென்சிலைக் கீழே வைத்தேன். அது என்னுடைய வசனம். பதினாறு வருடத்துக்கு முன் எங்கள் நிலையத்தின் இணையப் பக்கத்துக்காக நான் எழுதியது. எங்கெல்லாமோ பிரதியாகி, ஊர் சுற்றி, கடைசியில் இந்த யந்திரத்தின் வாய்க்குள் போய்த் திரும்பி என்னிடமே வந்திருக்கிறது. சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் நான் எழுதிய அந்தப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது. பயந்துகொண்டுதான் ஆகஸ்ட் மாதத்தைப் பார்த்தேன். 'ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை: சமையற்காரப் பெண்களின் விழா.' அதுவும் என்னுடையதுதான். சதுரங்கம் என் கெட்டித்தனம். இது என் பொய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்த கதை சின்னது. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படித்தவன், ஓக்லாந்தில் முதல் நான்கு வருடம் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். மாலையில் பயணத் தொழிலுக்கான டிப்ளோமா. விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறிகளைப் பேருந்திலே மனப்பாடம் செய்தேன். வேலை கிடைத்த முதல் வருடத்தில் எல்லோரும் விடுகிற பிழையை நானும் விட்டேன். இங்கிருந்து சனிக்கிழமை மாலை புறப்படுகிறவர் அமெரிக்காவில் அதே சனிக்கிழமை காலையில் இறங்குவார். நான் ஒரு தம்பதிக்கு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஒரு நாள் முழுக்கப் பெட்டியும் கையுமாய் நின்றார்கள்.

அப்போது என் மேலாளர் மார்கரெட். ஐம்பதை நெருங்கிய பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நேர்முகத்தில் நான் "மேடம், மேடம்" என்று சொல்லச் சொல்லச் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை, என் பெயர் மார்கரெட்" என்றார். அந்தத் தம்பதியின் ஹோட்டல் விஷயத்தில்கூட அவர் சத்தம் போடவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதேயில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்திருந்தார். அதற்குத்தான் நாங்கள் எல்லோரும் நடுங்குவோம்.

அந்தக் கேள்வி அவருடைய தாளிலிருந்து வந்தது. நாங்கள் விற்கும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெரிய தாள். அதில் பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று வரி: என்ன, எப்போது, யார் சொன்னது. மூன்றாவது வரியில் அந்த ஊரில் குடியிருக்கும் ஒருவருடைய பெயரும், நாங்கள் அவரிடம் கேட்ட திகதியும் இருக்க வேண்டும். சுற்றுலாத் துறையின் பிரசுரம் ஆளாகாது. மாறாதவற்றை மையால் எழுத வேண்டும், மாறக்கூடியவற்றைப் பென்சிலால். குவாதலூப் தாளில் எரிமலை மையில் இருந்தது, விழாக்கள் எல்லாம் பென்சிலில். ஒவ்வொரு ஜனவரியிலும் பென்சில் எழுத்தை முழுக்க அழித்துவிட்டு மறுபடி தொலைபேசியில் கேட்டு எழுத வேண்டும். "மலை எங்கேயும் போகாது, சிவா. மனிதர்கள் போவார்கள்" என்பார்.

'சொர்க்கம்' என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் யாரும் எழுதக்கூடாது. "அங்கே போக நாங்கள் டிக்கெட் விற்பதில்லை." ஒரு தாளை எழுதி நீட்டினால் நடுவில் ஏதாவதொரு கட்டத்தின் மூன்றாவது வரியில் விரலை வைப்பார். தினமும் மூன்று மணிக்கு ஓரஞ்சு உரிப்பார். விரலில் அந்த மணம் இருக்கும். "யார் சொன்னது?" அவ்வளவுதான் கேள்வி.

கரீபியன் தீவுகள் எனக்கு வந்ததற்குக் காரணம், வேறு யாருக்கும் அவை வேண்டாம் என்பது. இங்கிருந்து இரண்டு மூன்று விமானம் மாறிப் போகிற தூரம். கேட்டு வருகிறவர்களும் குறைவு. எனக்குக் குவாதலூப்பில் ஒரு ஆள் தேவைப்பட்டது. நாலு அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்தும் ஒரு பெண்ணின் எண் கிடைத்தது. பக்கத்துத் தீவொன்றில் ஹோட்டலில் வேலை செய்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசினார். இங்கே குளிர்காலத்துக் காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின நாள் பிற்பகல் மூன்று மணி. அலுவலகம் திறக்குமுன் போய்த் தொலைபேசியில் எடுத்தேன். பெயர் கேட்டேன். "லூசி ராமசாமி" என்றார்.

மூன்று தரம் சொல்லச் சொன்னேன். அவருடைய பூட்டனார் காலத்தில் காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறிய குடும்பமாம். தமிழ் தெரியாது. ஆனால் ஊரில் கோயில் இருக்கிறது. அம்மனுக்கு மாலியேமின் என்று பெயர். அடிக்கிற பறைக்குத் 'தப்பு' என்றுதான் பெயர். அந்தத் தீவுப் பெண்கள் விழாவுக்குத் தலையில் கட்டுகிற கட்டம் போட்ட துணியை மெட்ராஸ் என்கிறார்கள். இறைச்சிக் கறிக்குப் பெயர் கொழும்பு. அதைக் கேட்டதும் நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கொழும்புக்கு ரயில் பிடித்து விசாவுக்கு அலைந்தவன் நான். இங்கே ஒரு ஊர் கொழும்பைத் தட்டில் போட்டுச் சோற்றோடு சாப்பிடுகிறது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. லூசியோடு கதைக்கும் நேரமெல்லாம் கோயிலில் விளக்கு எந்தப் பக்கம் வைப்பீர்கள், மஞ்சள் எங்கிருந்து வருகிறது, பூசாரி என்ன பாட்டுப் பாடுவார் என்றுதான் கேட்பேன். அவரும் சலிக்காமல் சொல்லுவார். மார்கரெட் கடந்து போகும்போது, "சிவா அந்தத் தீவில் விடுமுறையில் இருக்கிறான்" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு ஜனவரியில் எங்கள் தாள்களையெல்லாம் இணையப் பக்கத்தில் ஏற்றுவதென்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். வியாழன் காலை லூசியிடம் கேட்டுக் கேட்டுப் பதினொரு கட்டத்தை நிரப்பினேன். அதிலும் பாதி நேரம் வழக்கம்போலக் கோயிலிலே போயிற்று. லூசியின் விடுதிக்கு யாரோ வந்து மணி அடித்தார்கள்; அவர் வைத்துவிட்டார். ஆகஸ்ட் மிச்சம். என்னிடம் ஒரு சுற்றுலாப் பிரசுரம் இருந்தது. அந்த வருடம் சமையற்காரப் பெண்களின் விழா ஆகஸ்ட் ஏழு, சனிக்கிழமை என்று போட்டிருந்தது. நாட்காட்டியைப் பார்த்தேன். அது மாதத்தின் முதல் சனி. கணக்குப் படித்த மூளை உடனே ஒரு விதியைச் செய்துவிட்டது. 'ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை' என்று எழுதினேன். மூன்றாவது வரியில் பிரசுரத்தின் பெயரை எழுத முடியாது. லூசி ராமசாமி என்று எழுதி, அன்றைய திகதியையும் போட்டேன். பென்சிலில்கூட இல்லை, மையில்.

அவரிடம்தானே அன்று கதைத்தேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். மார்கரெட் விரலை வைத்தது மார்ச் மாதக் கட்டத்தில். நான் தப்பினேன்.

ஐந்து வருடம் யாரும் அந்த விழாவைக் கேட்டு வரவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் பென்சில் எழுத்தைத்தான் அழித்தேன்; மையில் இருந்த ஆகஸ்ட் அப்படியே கிடந்தது. பிறகு கௌசல்யா வந்தார்.

மாசி என்ற ஓக்லாந்துப் புறநகரில், வீட்டோடு சேர்ந்த கராஜைச் சமையல்கூடமாக்கிக் கேட்டரிங் செய்கிறவர், திருச்சிப் பக்கத்துக்காரர். ஓக்லாந்துத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் பாதியில் அவருடைய சாம்பாரைத்தான் சாப்பிட்டிருப்போம், ஆளைப் பார்த்திருக்க மாட்டோம். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சஞ்சிகைப் பக்கத்தை எடுத்து விரித்தார். வெள்ளை ஏப்ரன் கட்டி, மெட்ராஸ் துணியைத் தலையில் சுற்றிய பெண்கள், நண்டும் பழமும் அலங்கரித்த கூடைகளோடு தெருவில் நடந்து போகிறார்கள்.

"பல் டாக்டர் வீட்டு வெயிட்டிங் ரூம்ல கிழிச்சேன் சார். கிழிச்சது தப்புதான். இது எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல."

எனக்குத் தெரியும் என்றேன். அது சமையற்காரர்களுக்குக் காவலான புனிதரின் விழா. அவரை இரும்புக் கம்பி அடுப்பில் வைத்து வதைத்ததாகச் சொல்லுவார்கள். அதனால் ஏப்ரனில் அந்த அடுப்பைத் தைத்திருப்பார்கள். காலையில் தேவாலயத்தில் பூசை, கூடைகளுக்கு ஆசீர்வாதம், பிறகு ஊர்வலம், விருந்து. சொல்லச் சொல்ல அவர் அந்தப் படத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருஷமா சமைக்கிறேன். கல்யாணம், சீமந்தம், கோயில் விசேஷம். ஒன்னையும் முழுசாப் பாத்ததில்ல. தாலி கட்டுற நேரத்துக்கு நான் பின்னாடி வாளியோட நிப்பேன். சமைக்கிறவளுக்கே விழா எடுக்கிற ஊர் ஒன்னு இருக்குன்னா, அதை ஒரு தடவை பாத்துரணும் சார்."

நான் அவருக்குக் கோயிலையும் காட்ட வேண்டுமென்று துடித்தேன். திட்டத்தில் ஒரு நாளை அதற்கே ஒதுக்கினேன். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். அவருடையது இந்தியக் கடவுச்சீட்டு. பிரான்சுக்கு விசா எடுத்தால் மட்டும் போதாது, அந்தத் தீவுக்குச் செல்லும் என்று அதில் தனியே எழுதியிருக்க வேண்டும். அதையெல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த வருடம் ஆகஸ்ட் முதலாம் திகதியே சனிக்கிழமை. ஜூலை இருபத்தொன்பதில் போய்ச் சேர்ந்து, ஆகஸ்ட் நாலாம் திகதி புறப்படுவதாக டிக்கெட் போட்டோம். ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் எடுத்தார்.

"சார், ஒன்னாம் தேதி நிச்சயந்தானே? எட்டாம் தேதிக்கு ஒரு கல்யாண ஆர்டர் வருது. ஒத்துக்கலாமா?"

"ஓம், ஓம். தாராளமா ஒத்துக்கொள்ளுங்கோ. அங்க இருக்கிற ஆளோட கதைச்சுத்தான் எழுதினனான்."

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில், அறையை உறுதிசெய்ய லூசியை எடுத்தேன். முதலாம் திகதி ஊர்வலம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று கேட்டேன். "முதலாம் திகதியா? எட்டாம் திகதி அல்லவா" என்றார். புனிதரின் நாள் ஆகஸ்ட் பத்து. அதற்குக் கிட்டிய சனிக்கிழமையில்தான் விழா. சில வருடம் அது முதல் சனியில் விழும், சில வருடம் விழாது. "நீ ஒருநாளும் இதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லையே" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார்.

தாளை எடுத்துக்கொண்டு மார்கரெட்டின் அறைக்குப் போய், கௌசல்யாவின் விழாத் திகதி பிழைத்துவிட்டது என்றேன். அவர் வாசித்துவிட்டு ஆகஸ்டின் மூன்றாவது வரியில் விரலை வைத்தார். லூசி மாற்றிச் சொல்லிவிட்டார் என்று ஒரு வசனம் என் நாக்கு நுனி வரை வந்தது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் பெண்ணின் தலையில் போட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

"யார் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை. நான் எழுதினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல். தொலைபேசியில் இல்லை, நேரில். திகதியை மாற்றுவதென்றால் செலவை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே மாசிக்குப் போனேன். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. கௌசல்யா ஒரு பெரிய அண்டாவில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவி, அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"அந்தம்மாகிட்டப் பேசித்தான் எழுதினேன்னு சொன்னீங்களே சார்."

"கதைச்சனான். இதைக் கேக்கேல்ல."

"வேற என்ன கேட்டீங்க?"

"கோயிலைப் பற்றி."

"நான் உங்ககிட்டக் கோயிலைப் பத்திக் கேட்டேனா?"

இந்தத் தொழிலில் அத்தனை வருடம் இருந்தவன், வருகிறவருக்கு என்ன வேண்டுமென்று கேட்பதுதான் வேலை என்று இருந்தவன், ஒரு தமிழ்ப் பெண் வந்ததும் அவருக்கு வேண்டியது எனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. திகதியை மாற்றலாம், கல்யாணத்துக்கு வேறு யாரையாவது பிடிக்கலாம் என்று ஏதோ உளறினேன்.

"வாக்குக் குடுத்த கல்யாணம் சார். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? பந்தியில ஒக்கார வெச்சுட்டு இலையைப் பிடுங்குறதா?"

"அப்ப அடுத்த வருஷம்..."

"அடுத்த வருஷம்னு மட்டும் சொல்லாதீங்க. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் முப்பது வருஷம் போச்சு. டிக்கெட் அப்படியே இருக்கட்டும். ஊரையாவது பாத்துட்டு வரேன்." மறுபடி அடுப்பை மூட்டப் போனவர் திரும்பி, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு லூசியிடம் நடந்ததைச் சொன்னேன். வருகிறவர் ஒரு சமையற்காரர் என்பதை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். லூசி கொஞ்சம் யோசித்துவிட்டு, "விழாவுக்கு முந்தின வாரம் அந்தப் பெண்கள் என் சின்னம்மா வீட்டில்தான் கூடுவார்கள். அழைத்துப் போகிறேன்" என்றார்.

கௌசல்யா போனார், வந்தார். எட்டாம் திகதிக் கல்யாணமும் முடிந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு வந்தார். மார்கரெட்டும் வந்து என் மேசையருகில் நின்றுகொண்டார். நான் இடையிடையே மொழிபெயர்த்தேன்.

"விழாவைப் பாக்கல. மத்ததெல்லாம் பாத்தேன்" என்று தொடங்கினார். ஏப்ரனுக்கெல்லாம் கஞ்சி போட்டு, பலகை மாதிரி விறைப்பாக இஸ்திரி போடுகிறார்கள். யார் எந்தப் பலகாரம் தூக்குவது என்று சண்டை வருகிறது. ஊரெல்லாம் சமையல்கட்டு ஒன்றுதான். கொழும்புப் பொடி இடித்தபோது இவரையும் உலக்கை பிடிக்கச் சொன்னார்களாம். "மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு. அப்புறம் அரிசியை வறுத்துப் போடுறாங்க. நம்ம பொடிதான் சார், மிளகாயை மட்டும் மறந்துட்டாங்க."

பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"உங்க ஊர்ல சமைக்கிறவங்களுக்கு என்ன விழான்னு கேட்டாங்க. எனக்குப் புரியலைன்னு நெனச்சு லூசி திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. புரிஞ்சுது. பதில்தான் இல்ல."

புறப்படும்போது அந்தப் பெண்கள் ஒரு ஏப்ரன் கொடுத்துவிட்டிருந்தார்கள், அடுப்புப் படம் தைத்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் அந்தச் சனிக்கிழமைக் கல்யாணத்துக்குச் சமைத்திருக்கிறார். கெட்டிமேளம் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனோடு மண்டபத்துக்குள் போய், முதல் வரிசைக்கு முன்னால் நின்றாராம்.

"முதல் தடவை தாலி கட்டுறதைப் பாத்தேன் சார். பின்னாடி சாம்பார் கொஞ்சம் அடிப்பிடிச்சிருச்சு. யாரும் ஒன்னும் சொல்லல."

நான் அதை மொழிபெயர்த்து முடித்ததும் மார்கரெட் உள்ளே போய்க் குவாதலூப் தாளை எடுத்து வந்தார். ஆகஸ்ட் கட்டத்தில் என் மை எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பென்சிலைக் கௌசல்யாவிடம் நீட்டினார். கௌசல்யா என்னைப் பார்த்தார்; நான் மூன்று வரியையும் விளக்கினேன். தமிழிலேதான் எழுதினார். 'ஆகஸ்ட் பத்தை ஒட்டி வர சனி. ஒரு வாரம் முன்னாடியே போகணும்.' மூன்றாவது வரியில், 'கௌசல்யா, மாசி.' அங்கே குடியிருப்பவருடைய பெயர்தான் வர வேண்டும் என்ற சட்டத்தை மார்கரெட் மீறி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

எங்கள் பக்கத்தை அன்றே திருத்தினோம். ஆனால் அதற்குள் அது எங்கெங்கே போயிருந்ததோ எனக்குத் தெரியாது. போன மாதம் தெரிந்தது. பிரியாவின் பட்டியலைத் திருத்தி அனுப்பிவிட்டு, மனம் கேட்காமல் கௌசல்யாவை எடுத்தேன். இப்போதும் அதே கராஜ்தான். என் பிழை இன்னும் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன்.

"ஓடட்டும் சார்" என்றார். பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். "ஆகஸ்ட் எட்டாம் தேதிக்கு ஒரு கல்யாணம் கேட்டு வந்தாங்க. முடியாதுன்னுட்டேன்."

இந்த முறை விழாவுக்கே போகப் போகிறார் என்று விளங்கியது. நாட்காட்டியைப் பார்த்தேன். பத்துக்குக் கிட்டிய சனி, எட்டுத்தான். அவர் கணக்குச் சரி. ஆனாலும் அந்தத் திகதிக்கு நான் ஓமென்று சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வீட்டுத் தொலைபேசியிலிருந்து லூசியை எடுத்தேன். வருடக்கணக்காகக் கதைக்கவில்லை. குரலைக் கேட்டதும் அவர் சந்தோஷமாகிக் கோயிலில் புதுக் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிற கதையைத் தொடங்கினார்.

"லூசி, அது பிறகு" என்றேன். "முதலில் ஆகஸ்ட்டைச் சொல்லுங்கள்."